மலை சுத்துன சூடு

வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள்தான் புதிதாக வருகிறவர்களுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. மீசை கூட ஒரு பக்கம் சரியாக வரவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் இந்த மருந்துக்கடைக் கவுண்டரை விட்டு ஆரணிக்குப் போகிறேன். அங்கே என் மாமனார் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறார். மொத்த வியாபாரத்தில் அட்டைப்பெட்டிகளைத்தான் பார்க்கலாம், ஆட்களைப் பார்க்க முடியாது. பேச ஆள் இல்லாத வேலை எனக்கு ஓய்வு மாதிரிதான்.

என் இடத்துக்கு நீங்கள் இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள். ஒருத்தனுக்கு இரண்டு பேர் எதற்கு என்று முதலாளியைக் கேட்டேன். "நீ செய்யற வேலைக்கு ஒருத்தன், பேசற பேச்சுக்கு ஒருத்தன்" என்றார். யார் எதற்கு என்று நீங்களே சீட்டுக் குலுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாத்திரை எந்த அலமாரியில் என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் மருந்துப் படிப்பு படித்தவர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டவன். நான் சொல்ல வந்தது கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைப் பற்றி. அதிலும் ஒரே ஒருவரைப் பற்றி. அவர் பெயர் ஏழுமலை.

செல்போன் வைத்திருப்பவன் பெரிய மனுஷன் என்றிருந்த காலம் அது. ஏழுமலை கொத்தனார். அடி அண்ணாமலையில் வீடு. ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்குவதற்கு மாடி மாடியாக எழும்பின கட்டடங்களில் பாதி அவர் கை வேலை. ஆள் ஆறடி. குரல் மட்டும் எறும்புக்குக் கூடக் கேட்காது.

ஆடி முடிந்த சமயம், ஒரு சாயங்காலம் வந்து நின்றார். கவுண்டரில் ஏழெட்டுப் பேர்.

"தம்பி, அந்த ஜொரம் பாக்கறது ஒண்ணு குடு."

"யாருக்குணா ஜொரம்?"

"யாருக்கும் இல்ல."

"ஜொரமே இல்லாம தர்மாமீட்டர் எதுக்கு? சாம்பார் சூடு பாக்கவா?"

நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மெதுவாக நகர்ந்து வாசலில் இருந்த எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நின்றுகொண்டார், காசு போடாமல். கடைசி ஆள் போகும் வரை அதன் மேலேயே நின்றார். தன் எடையைத் தெரிந்துகொள்ள ஒருவர் அவ்வளவு நேரம் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

கவுண்டர் காலியானதும் இறங்கி வந்தார். நான் தர்மாமீட்டரைப் பேசாமல் எடுத்து வைத்தேன். நான் வாயை மூடினதும் அவர் வாயைத் திறந்தார். இது உங்களுக்கு முதல் பாடம். நீங்கள் பேசி முடித்தால்தான் அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள்.

"மாடியில இருக்கற டாக்டரம்மா சொன்னாங்க தம்பி. எங்க வீட்ல காலையில கண்ணு முழிச்ச உடனே, எழுந்திருக்கறதுக்கு முன்னாடி, பேசறதுக்கு முன்னாடி வாயில வெச்சுப் பாக்கணுமாம். மாசத்துல ஒரு நாள் சூடு லேசா ஏறுமாம். ஏறிச்சுன்னா முட்டை வெளிய வந்தாச்சுனு அர்த்தமாம். ஏறுனப்புறம் ஒண்ணும் பிரயோஜனம் இல்லையாம். அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாளுதான் முக்கியமாம். மூணு மாசம் பாத்து வெச்சா எப்ப ஏறும்னு நமக்கே புரிஞ்சிடுமாம். கோடு கோடா நல்லா தெரியற மாதிரி குடு."

"டெஸ்ட் எல்லாம் எடுத்தீங்களா?"

"ரெண்டு பேருக்கும் எடுத்தாச்சு. ஒரு குறையும் இல்லன்றாங்க. ஆறு வருஷமா ஒரு குறையும் இல்ல, ஒரு கொழந்தையும் இல்ல."

அதோடு நிறுத்தியிருப்பார். ஆனால் தர்மாமீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னார்.

"வர்ற கார்த்திகை தீபம் வரைக்கும்தான் இருப்பேன்னு சொல்லிட்டா தம்பி. எங்கம்மா அவங்க அண்ணன் பொண்ண எனக்குப் பேசிக்கினு இருக்காங்க. 'தீபம் பாத்துட்டு நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன், நீ அவளக் கட்டிக்கோ, நான் சண்டைக்கெல்லாம் வரமாட்டேன்'ன்றா. சண்டை போட்டாகூட பரவால்ல. இவ சிரிச்சிக்கினே சொல்றா."

தேன்மொழி, அவர் மனைவி பெயர். அதுவரை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி வந்தார். கூட்டம் இருந்தால் எடை மெஷின், இல்லாவிட்டால் கவுண்டர். காலையில் சூடு பார்க்கும் வரை தேன்மொழி படுக்கையை விட்டு எழக்கூடாது. மாமியாரோ விடிவதற்கு முன்னாலேயே "மகாராணி இன்னும் எழுந்திரிக்கலையா" என்று குரல் கொடுக்கிற ரகம். ஏழுமலை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மனைவி வாயில் தர்மாமீட்டரை வைத்துவிட்டு அவரே போய் வாசல் தெளித்தார். அந்தத் தெருவில் ஓர் ஆண்பிள்ளை சாணித் தண்ணீர் வாளியோடு நின்றது அதுதான் முதல் தடவையாம். "வாசல் தெளிச்சதோட நிறுத்தினியா, கோலமும் போட்டியாணா?" என்று கேட்டேன். "புள்ளி வெக்க வரும். கோடு இழுக்க வரல" என்றார், ரொம்பக் கவலையாக.

இப்போது கவனமாகக் கேளுங்கள். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

பிள்ளை வரம் வேண்டி இருவரும் மாதா மாதம் பௌர்ணமிக்கு மலை சுற்றினார்கள். அடி அண்ணாமலையில் கிளம்பிச் சுற்றி வந்தால் நம் கடை வழியில் வரும். ஒவ்வொரு பௌர்ணமியும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏழுமலை வருவார்.

"தம்பி, அந்த வலி மாத்திரை ஒண்ணு. எங்க வீட்ல அடிவயித்துல ஒரு பக்கமா புடிச்சி இழுக்குதாம்."

"மலை சுத்துனா எல்லாருக்கும் காலு வலிக்கும். உங்க வீட்ல மட்டும் வயிறு வலிக்குது" என்று கேலி செய்துகொண்டே கொடுப்பேன். வெளியே சாலை ஓரத்தில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்து நிற்பது கூட்டத்துக்கு நடுவே தெரியும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடப்பார்கள்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி வருவார். இந்த முறை குளுக்கோஸ் பொட்டலம்.

"சூடு ஏறிப்போச்சு தம்பி. தர்மாமீட்டர்லயே தெரியுது. வெறுங்கால்ல தார் ரோட்டுல நடக்கறா இல்ல, மலை சுத்துன சூடு."

"இருக்கும்ணா. எளநியும் வாங்கிக் குடுங்க."

"குடுக்காமயா? வெந்தயம், எண்ணெய்க் குளியல் எல்லாம் ஆச்சு. எது பண்ணாலும் அந்தச் சூடு அடங்க அமாவாசை ஆவுது."

ஆவணியில் இப்படி. புரட்டாசியிலும் இப்படியே. ஒருவர் வலிக்கும் காரணம் சொல்லி, சூட்டுக்கும் காரணம் சொன்னால் நமக்கு என்ன வேலை? பொட்டலத்தைக் கட்டிக் கொடுக்கிற வேலைதான். இந்த ஊரில் எந்த நோவும் மலை சுற்றினதால் வரும், இல்லையென்றால் மலை சுற்றாததால் வரும். மூன்றாவது காரணம் கிடையாது. மூன்று மாதம் முடிந்துதான் போக வேண்டும் என்று அவர்கள் டாக்டரம்மாவையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பௌர்ணமிச் சூட்டைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை 'நடந்த சூடு' என்று கணக்கிலேயே சேர்க்காமல் தள்ளிவிட்டு, நிஜச் சூடு எப்போது ஏறும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசியில் ஏழுமலையின் பெரியப்பா இறந்துபோனார். பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு. கோயிலுக்கும் போகக்கூடாது, மலையும் சுற்றக்கூடாது.

அந்தப் பௌர்ணமி அன்று சாயங்காலம் நம் கடையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையில் தைலம், ஒரு கையில் பஞ்சு, வாயில் சில்லறை நோட்டு. முதலாளி கல்லாவில். நான் ஒருவனே ஐந்து பேருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் ஆறடி ஆள் எட்டிப் பார்த்தார். மழிக்காத தாடி.

"தம்பி, அந்த மாத்திரை."

கை பழக்கத்தில் அலமாரிக்குப் போய்விட்டது. மாத்திரையைக் கிழித்தும் விட்டேன். கொடுக்கப் போகிற நேரத்தில்தான் உறைத்தது.

"அண்ணா, உங்க வீட்ல தீட்டாச்சே. இன்னிக்கு மலை சுத்தினீங்களா?"

"எங்க சுத்தறது? வீட்டுலதான் கெடக்கறோம்."

"அண்ணியும் எங்கயும் நடக்கலையா?"

"வாசல்படி தாண்டல."

"அப்ப எதுக்கு வலி?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நடுவில் ஓர் அம்மா, "ஏம்பா, தைலம் குடுக்கறியா இல்ல நான் திரும்ப நடந்தே போவட்டுமா" என்றார்.

எனக்கு எதுவும் தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முட்டை, சூடு இதெல்லாம் எனக்கு ஏழுமலை சொல்லித்தான் தெரியும். ஒன்றே ஒன்றுதான் புரிந்தது: நடக்காமலே வந்த வலி நடந்ததால் வந்த வலி இல்லை. அப்படியென்றால் நடந்த சூடும் நடந்த சூடு இல்லையோ என்னவோ. இதைக் கேட்டுச் சொல்ல வேண்டியவர் மாடியில் இருக்கிறார். பௌர்ணமியன்று மலை சுற்றுகிற கூட்டத்துக்காக வண்டிகளை நிறுத்துவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுவார். தலைக்கு மேலே ஷட்டர் இறக்குகிற சத்தம் கேட்டது.

கூட்டத்தை விட்டுப் போனால் முதலாளி தோலை உரிப்பார். இன்றைக்கு டாக்டரம்மாவை விட்டால் ஏழுமலையை நாளைக்கு வரச் சொல்லலாம்தான். ஆனால் இந்த மனுஷன் ஒரு தர்மாமீட்டர் வாங்குவதற்கே எடை மெஷின் மேல் அரை மணி நேரம் நிற்கிறவர். நாளைக்கு வருவார் என்பது என்ன நிச்சயம்? கவுண்டர் பலகையைத் தூக்கினேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். பின்னால் முதலாளி என் பரம்பரையை விசாரிக்கும் குரல் கேட்டது.

டாக்டரம்மா பாதிப் படி இறங்கியிருந்தார்.

"டேய், கடையில தீ புடிச்சிடுச்சா?"

"இல்லம்மா. இவங்க வீட்ல வயித்து வலி. நீங்களே கேளுங்க."

அவர் கேட்டார். எந்த இடத்தில் வலி? அடிவயிற்றில் ஓரமாக. எத்தனை நேரம்? ஒரு நாளில் போய்விடும். எத்தனை மாதமாக? வருஷக்கணக்காக, ஒவ்வொரு பௌர்ணமியும். அதற்கப்புறம் காலைச் சூடு?

"ஏறுதும்மா. ஆனா அது மலை சுத்துன சூடுனு நாங்க விட்டுட்டோம்."

"எப்ப எறங்குது?"

"அமாவாசை வாக்குல. அவ தூரமாவறதும் அப்பதான்."

டாக்டரம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்பா, முட்டை வர்ற நேரத்துல சில பேருக்கு இப்படித்தான் ஒரு பக்கம் வலிக்கும். சூடு ஏறுனா அது வந்து முடிஞ்சுதுனு அர்த்தம். உன் பொண்டாட்டி உடம்பு மாசா மாசம் வலியாவும் சொல்லுது, சூடாவும் சொல்லுது. நீங்க மாத்திரையும் வெந்தயமும் குடுத்து அதை அடக்கறீங்க." பிறகு குரலைத் தணித்தார். "சரி, பௌர்ணமிக்கு முன்னாடி அந்த நாலஞ்சு நாளு நீங்க ஒண்ணா இருக்கீங்க இல்ல?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த போலியோ விளம்பரத்தை மிகுந்த அக்கறையோடு படித்தேன்.

"இல்லம்மா. மலை சுத்தறதுக்கு விரதம். ஏகாதசியில ஆரம்பிச்சுப் பௌர்ணமி முடியற வரைக்கும் நான் வெளிய படுத்துக்குவேன், அவ எங்கம்மாகூட. அம்மாவோட கண்டிஷன்."

"எவ்ளோ நாளா?"

"கல்யாணம் ஆன மறுவருஷத்துலேருந்து. புள்ளை வரத்துக்குத்தாம்மா."

டாக்டரம்மா சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாப் பொம்பளைக்கும் பௌர்ணமி இல்லப்பா. உன் பொண்டாட்டிக்கு அப்படி அமைஞ்சிருக்கு. விரதத்தை வேற நாளுல வெச்சுக்கோ. எனக்குத் தெரிஞ்சு இதுதான் மருந்து."

கீழே இறங்கும்போது ஏழுமலையின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அடுத்த பௌர்ணமி தீபம் தம்பி. தீபத்துக்கு விரதம் இல்லாம எப்படி? சாமிக்கு நேந்துக்கினது."

உங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். டாக்டர் எழுதினது சரியாக இருக்கும், மருந்து நம்மிடம் இருக்கும், ஆனால் அவர்களால் விழுங்க முடியாது. அப்போது சாமியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் ஆளை இழந்துவிடுவீர்கள். நான் சாமி பக்கமே சேர்ந்துகொண்டேன்.

"அண்ணா, சாமிகிட்ட புள்ளை கேட்டீங்க. அவரும் மாசா மாசம் பௌர்ணமிக்குக் குடுக்க வர்றாரு. வந்து பாத்தா நீங்க தெருவுல கெடக்கறீங்க, அண்ணி மாமியா பக்கத்துல. யாருகிட்ட குடுத்துட்டுப் போவாரு? உங்க அம்மாகிட்டயா?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

நான்கு நாள் கழித்து ஒரு பெண் கவுண்டருக்கு வந்தாள். குள்ளமான ஆள், துருதுருவென்ற கண்.

"நீதானா அந்த சாம்பார் தம்பி?"

யாரும் கேட்காத தைல பாட்டிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். எட்டு வருஷ கவுண்டரில் நான் பாட்டில் துடைத்தது அது ஒரு தடவைதான்.

"அவரு ராவெல்லாம் யோசிக்கிறாரு, அம்மாவுக்கு என்ன சொல்றதுனு. நான் யோசிச்சு முடிச்சிட்டேன். இந்தத் தீபத்துக்கு நாங்க மலை சுத்தல. ரெண்டு பேரா சுத்துனது போதும். அடுத்த தடவை மூணு பேராத்தான் சுத்துவோம்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்."

"அப்புறம் என்ன அண்ணி?"

"எடம்தான். தீபத்துக்கு எங்க வீட்ல போளூர்லேருந்து, செங்கத்துலேருந்து சனம் வந்து எறங்கிடும். கால் வைக்க எடம் இருக்காது. லாட்ஜுல கேட்டா தீபத்துக்கு மாட்டுக்கொட்டாயக்கூட வாடகைக்கு விட்டுட்டாங்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் ரூம் கட்டிக் குடுக்கறவரு பொண்டாட்டிக்கு ரூம் இல்லையா? இப்ப கட்டிக்கினு இருக்காரே, அந்தக் கட்டடத்துல ஒரு ரூம்கூட முடியலையா?"

 அவள் சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டினாள்.

மிச்சத்தை ஏழுமலை சொல்லித்தான் தெரியும். இரண்டாவது மாடியில் ஓர் அறை பூச்சு முடிந்து, கதவு மாட்டியிருந்தது. தீபக் கூட்டத்தில் சிமெண்ட் மூட்டை காணாமல் போகும், காவலுக்கு நானே படுத்துக்கொள்கிறேன் என்று கட்டடக்காரரிடம் சொன்னார். அவருக்கு ஏக சந்தோஷம். அம்மாவிடமும் அதையே சொன்னார்.

"சிமெண்டுக்குக் காவலுக்குப் பொண்டாட்டி எதுக்குடா?"

"சோறு ஆக்கிப் போட."

"ஏகாதசி வருதுடா. விரதம்?"

அதற்குத் தேன்மொழிதான் பதில் சொன்னாளாம். "விரதத்தை உங்க புள்ளை இருக்கல அத்தே, நான் இருக்கேன். ஒரு மாசம் முழுக்கக் காப்பி குடிக்கல, போதுமா?" அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, மகனை ஒரு தடவை, மருமகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பாயி பத்தாது, ஜமக்காளமும் எடுத்துக்கினு போங்க" என்றாராம். தீபம் ஏற்றின அன்று அந்தக் கட்டடத்து மொட்டை மாடியிலிருந்து மலை உச்சி நேராகத் தெரிந்தது. இவ்வளவு வருஷத்தில் தீபத்தை உட்கார்ந்துகொண்டு பார்த்தது அன்றுதான் என்றார் ஏழுமலை.

ஆனால் கிளம்புகிறேன் என்று சொன்னவள் சொன்னவள்தானே? தீபம் முடிந்து இரண்டு நாளில் ஏழுமலை வந்து மெஷின் மேல் ஏறினார். பை தயாராகக் கட்டி மூலையில் வைத்திருக்கிறாள் என்றார்.

"கேட்டேன் தம்பி. 'அமாவாசை வரைக்கும் அவுக்கவும் மாட்டேன், தூக்கவும் மாட்டேன்'ன்றா."

அந்த இரண்டு வாரம் எனக்கு வியாபாரமே ஓடவில்லை. காலண்டரில் அமாவாசையைப் பார்ப்பதும், வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன். வீட்டில் யாருக்கோ பரீட்சை ரிசல்ட் வருகிற மாதிரி. பத்தாவது எழுதியிருந்தால் எனக்கே அந்த அனுபவம் கிடைத்திருக்கும்.

அமாவாசை வந்தது. ஏழுமலை வரவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பை கிளம்பிவிட்டது என்றே நினைத்தேன். முதலாளி வேறு, "எங்கடா உன் எடை மெஷின் கஸ்டமரு" என்று கேட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, கடை திறந்து தண்ணீர் தெளிக்கிற நேரம், சைக்கிள் வந்து நின்றது. கூட்டம் இல்லை. ஆனாலும் அவர் கவுண்டருக்கு வராமல் மெஷின் பக்கத்திலேயே நின்றார்.

"தம்பி."

"சொல்லுங்கணா."

"சூடு எறங்கல."

இந்த ஊரில் சூடு இறங்கவில்லை என்று தினம் பத்துப் பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். அழாமல் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"அமாவாசை போயி ஒரு வாரம் ஆச்சு. தெனம் காலையில பாக்கறேன். அங்கயே நிக்குது. உடைஞ்சு கிடைஞ்சு போச்சோனு என் வாயிலயும் வெச்சுப் பாத்தேன். என்னுது சரியாத்தான் காட்டுது."

"குளுக்கோஸ் குடுக்கட்டுமா?"

"உதைப்பேன்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஆள் இல்லாத கடைக்குள் எதையோ தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் தேடினேன்.

டாக்டரம்மா அன்று மத்தியானமே சோதித்து உறுதி செய்தார். முழுகாமல் இருக்கிறாள். படியில் இறங்கி வந்த தேன்மொழி கவுண்டரில் ஒரு லட்டைக் காகிதத்தில் வைத்தாள். "பையை அவுத்துட்டேன். உள்ள எறும்பு பூந்துடுச்சு" என்றாள்.

இதில் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. வருகிறவர்கள் நோவையும் சொல்வார்கள், கூடவே காரணத்தையும் பொட்டலம் கட்டிக் கொண்டு வருவார்கள். நோவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை அப்படியே ஓரமாக வையுங்கள். அப்புறம் உங்களுக்குப் புரியாததை மாடிக்கு அனுப்புங்கள். கூட்டம் இருந்தாலும் அனுப்புங்கள். முதலாளி அன்று திட்டினது இன்று எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

போன பௌர்ணமிக்கு நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குச் சேரவில்லை. சேர்ந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். கவுண்டரில் நாலு வரிசைக்கு ஆள் நின்றது. பின்னால் ஒரு பெண் குழந்தை எல்லார் தலைக்கும் மேலே மிதந்து வந்தது. கீழே பார்த்தால் ஏழுமலையின் தோள். பக்கத்தில் தேன்மொழி. மூன்று பேரும் வெறுங்காலோடு மலை சுற்றி வருகிறார்கள். விரதம் அவர்கள் வீட்டில் இப்போது அமாவாசைக்கு மாறிவிட்டது.

அவர் மெஷின் பக்கம் போகவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடியே குரல் கொடுத்தார். அந்த ஆளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"தம்பி, தர்மாமீட்டர் ஒண்ணு குடு. பழச இவ ஒடைச்சிட்டா."

எட்டு வருஷமாக வாயில் இருக்கிற கேள்வி, தானாக வந்துவிட்டது.

"யாருக்குணா ஜொரம்?"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. ஏழுமலை குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"யாருக்கும் இல்ல. ரெண்டாவதுக்கு."